நம்ம குடும்பம் குரூப்: ஞாயித்துக்கிழமை தரங்கம்பாடி

பெரியப்பா: காலைல ஏழு மணிக்கு எல்லாரும் தரங்கம்பாடி கோட்டை வாசல் இல்ல, ஊர் வாசல், அந்த வெள்ளை கேட்டு 1792ன்னு சொல்வாங்களே அங்க நிக்கணும், வெயில் ஏறிட்டா கிங் ஸ்ட்ரீட்ல நடக்க முடியாது

ரம்யா: ஏழா 😩 மாயவரத்துலேந்து வரணும் பெரியப்பா

சித்தி: முப்பது கிலோமீட்டர் கூட இல்லடி, மெட்ராஸ்லேந்து வர்றவ மாதிரி பேசுற

கார்த்தி: கோட்டைய பாத்துட்டு பீச்சுல உக்காந்துரலாமே, ரெண்டு சர்ச்சும் ஒரே மாதிரிதான இருக்கும்

பெரியப்பா: ஒரே மாதிரியா!! சீயோன் சர்ச் 1701, அப்ப இந்த ஊர ஆண்ட டேனிஷ்காரங்க தங்களுக்குன்னு கட்டிக்கிட்டது. புது எருசலேம் 1718, அது சீகன்பால்குங்கற ஜெர்மன் பாதிரியார் நம்ம ஜனங்களுக்காக கட்டுனது, முகப்புல டென்மார்க் ராஜாவோட கிரீடம் போட்ருக்கும் பாரு. 1706ல வந்து எறங்குன மனுஷன், தமிழ் கத்துக்கிட்டு புதிய ஏற்பாட்டை இங்கயே அச்சடிச்சு, சர்ச் கட்டுன அடுத்த வருஷமே போயிட்டாரு, வயசு 36தான். கல்லறை சர்ச்சுக்குள்ளயே இருக்கு

கார்த்தி: சரி சரி வரேன்

சித்தி: ஆனா ஞாயித்துக்கிழமை ஆராதனை நடக்கும்ல, நடுவுல உள்ள பூந்து செல்ஃபி எடுத்து மானத்த வாங்காதீங்க. முதல்ல கோட்டை, கோயில், திரும்பி வர்றப்ப சர்ச்

பெரியப்பா: அதுவும் சரிதான். மாசிலாமணிநாதர் கோயில் கோட்டைக்கும் 300 வருஷம் மூத்தது, 1306, குலசேகர பாண்டியன் காலம். முன்பக்கத்த கடல் தின்னுடுச்சு, இப்ப கல்லு கொட்டி வெச்சிருக்காங்க

ரம்யா: செடி டாக்டர்னு யாரையோ சொன்னீங்களே

பெரியப்பா: கோனிக்னு ஒரு டாக்டர் 1768ல இங்க வந்தாரு, செடிகளுக்கெல்லாம் அறிவியல் பேரு வெச்ச லின்னேயஸ்கிட்ட படிச்சவரு, வைத்தியத்த விட செடி பொறுக்குறதுலதான் அவருக்கு கிறுக்கு. கறிவேப்பிலையோட தாவரவியல் பேரு முர்ரயா கோனிகீ, அது இவரு பேருதான். அதனால ஊருக்குள்ள எந்த வீட்டு கொல்லைல கறிவேப்பிலை தெரிஞ்சாலும் நின்னு பாப்போம்

சித்தி: கார்த்தி தட்டு ஓரத்துல ஒதுக்கி வெப்பானே அதானே

கார்த்தி: 🙏

சித்தி: புளிசாதம் நான் கட்டிட்டு வரேன், கறிவேப்பிலை தூக்கலா

ரம்யா: ஏழரை வெச்சுக்கலாமா பெரியப்பா ப்ளீஸ்

பெரியப்பா: ஏழே கால்