கன்டெய்னருக்குள் டிஸ்க் வேகத்தை அளப்பதில் பொருள் உண்டா?

யானைமலை:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சில கமிஷன் கடைகளுக்கு எங்கள் குழு பில்லிங் மென்பொருள் நடத்தித் தருகிறது. விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடுவதால், மல்லிகை, பிச்சி, கனகாம்பரம் என்று எடை போடப் போட ஒவ்வொரு சீட்டும் உடனுக்குடன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற வேண்டும். இதுவரை சர்வரில் நேரடியாக ஓடிய போஸ்ட்கிரெஸை டாக்கருக்கு (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி வேலிக்குள் ஓட்டும் கருவி) மாற்றலாம் என்றதும், டிஸ்க் வேகம் குறையுமா என்று முதலாளி கேட்டார். கன்டெய்னருக்குள் சென்று, கோப்பு நகலெடுக்கும் டிடி கட்டளையால் டெம்ப் என்ற தற்காலிக அடைவில் ஒரு பெரிய கோப்பை எழுதிப் பார்த்தேன்; நொடிக்கு 2 ஜிபி என்று திரையில் வந்தது. கன்டெய்னரைத் தாங்கும் சர்வரான ஹோஸ்ட்டில், டிஸ்க் சோதனைக் கருவியான எஃப்ஐஓவை ஓட்டியபோதோ அதன் பக்கத்தில்கூட வராத எண்தான் கிடைத்தது. எதை நம்புவது? சோதனையை எங்கே ஓட்டுவது முறை?

வடபழஞ்சி:
உங்களுடையது சாட்டா எஸ்எஸ்டி என்றால் அந்த இணைப்பின் உச்ச வரம்பே நொடிக்கு ஏறத்தாழ 600 எம்பிதான். ஆகவே 2 ஜிபி என்பது டிஸ்க்கின் வேகமாக இருக்கவே முடியாது. இயக்குதளத்தின் மையமான கெர்னல், தரவை நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாயிற்று" என்று சொன்ன வேகம் அது. கன்டெய்னருக்குள் டிஸ்க் சோதனை ஓட்டக் கூடாது என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதற்கு இதுவே காரணம். கன்டெய்னருக்கென்று தனியாக டிஸ்க் கிடையாது. நேம்ஸ்பேஸ் (எதைப் பார்க்கலாம்), சிகுரூப் (எவ்வளவு பயன்படுத்தலாம்) என்ற கெர்னல் வசதிகளால் வேலி போடப்பட்ட சில புராசஸ்கள், அவ்வளவுதான். கெர்னலும் டிஸ்க்கும் ஹோஸ்ட்டுடையவை. நீங்கள் எழுதிய டெம்ப் அடைவோ கன்டெய்னரின் கோப்புகளை அடுக்கடுக்காக ஒன்றாக்கிக் காட்டும் ஓவர்லே அடுக்கின் மேல் இருக்கிறது. அங்கே கிடைக்கும் எண்ணைக் காட்டி முதலாளிக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒத்தக்கடை:
வடபழஞ்சி நண்பர் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தை மாற்றிக் கொடுக்கிறார். அதே டிடி கட்டளையை ஹோஸ்ட்டில் ஓட்டியிருந்தாலும் அதே பொய்தான் வந்திருக்கும். தவறு கட்டளையில் இருக்கிறது, கன்டெய்னரில் இல்லை. லினக்ஸில் டிஸ்க் வாசிப்பு, எழுதல்களைக் கையாளும் பிளாக் அடுக்கைப் பராமரிக்கும் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய எஃப்ஐஓவை, கேஷைத் தவிர்க்கும் டைரக்ட்=1 என்ற விருப்பத்துடன், வால்யூமாக (ஹோஸ்ட்டின் அடைவைக் கன்டெய்னருக்குள் நேராகக் காட்டுவது) இணைத்த அடைவில் ஓட்டினால் கன்டெய்னருக்குள்ளும் நேர்மையான எண்ணே கிடைக்கும். வால்யூமில் எழுதும்போது ஓவர்லே குறுக்கே வருவதில்லை. ஐபிஎம் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஒப்பீட்டிலும், டாக்கர் வால்யூமின் டிஸ்க் வேகம் நேரடி லினக்ஸுக்கு இணையாகவே இருந்தது. கேவிஎம் மெய்நிகர் இயந்திரம்தான் சிதறிய சிறு வாசிப்பு, எழுதல்களில் பாதியாகக் குறைந்தது.

யானைமலை நண்பர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் அதிகாரப்பூர்வ இமேஜ் (கன்டெய்னர் உருவாகும் அச்சு) தன் தரவு அடைவைத் தானாகவே வால்யூமாக அறிவித்துக்கொள்கிறது. நீங்கள் சோதித்த டெம்ப் அடைவும், சீட்டுகள் போய்ச் சேரப்போகும் இடமும் வேறு வேறு பாதைகள். வாடகைக்கு வரப்போகிறவர் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு வந்த கதைதான் அது.

வடபழஞ்சி:
ஐபிஎம் ஆய்வை நீங்களே எடுத்துத் தந்ததற்கு நன்றி. வால்யூமில் வேறுபாடே இல்லை என்றால் உள்ளே போய் அளப்பதால் என்ன கூடுதலாகத் தெரியப்போகிறது? ஹோஸ்ட்டிலேயே அளந்துவிடலாமே. உள்ளே போனால் கைகள் கட்டப்பட்டுவிடும் என்பது வேறு சங்கதி. சாதாரண கன்டெய்னரில், கெர்னல் அமைப்புகளை மாற்ற உதவும் ப்ராக் சிஸ் அடைவு வாசிக்க மட்டுமே கிடைப்பதால், இரண்டு ஓட்டங்களுக்கு இடையே கேஷைக் காலி செய்ய இயலாது. டாக்கர் 25ஆம் பதிப்பிலிருந்து கெர்னல் அழைப்புகளை வடிகட்டும் அதன் இயல்பான செக்காம்ப் விதிகள், வாசிப்பு, எழுதல்களை வரிசையில் அனுப்பும் ஐஓ_யூரிங் அழைப்புகளைத் தடுக்கின்றன. ஹோஸ்ட்டில் ஐஓ_யூரிங் இன்ஜினுடன் (எஃப்ஐஓ கெர்னலிடம் எழுதச் சொல்லும் முறை) ஓடிய அதே எஃப்ஐஓ சோதனை விவரக் கோப்பு உள்ளே அனுமதி இல்லை என்று நின்றுவிடும். அதைச் சமாளிக்க இன்ஜினை மாற்றினால் இரண்டு எண்களையும் ஒப்பிடும் தகுதி போய்விடுகிறது. இதற்கு அஞ்சிச் சிலர் எல்லா அனுமதிகளும் கொண்ட பிரிவிலெஜ்டு முறையில் கன்டெய்னரைத் திறந்து, சோதனைக் கோப்பின் பெயருக்குப் பதிலாக டிஸ்க்கின் டிவைஸ் பெயரையே கொடுத்து, இருந்த தரவையும் சேர்த்து அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒத்தக்கடை:
தடை இருப்பதே ஒரு தகவல் அல்லவா, சார்? எஃப்ஐஓவுக்குக் கிடைக்காத ஐஓ_யூரிங் அதே கன்டெய்னரில் ஓடும் பயன்பாட்டுக்கும் கிடைக்காது. ஹோஸ்ட்டில் அளந்திருந்தால் இல்லாத வசதியை இருப்பதாக எண்ணித் திட்டம் போட்டிருப்போம். கேஷைக் காலி செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. எஃப்ஐஓ தன் கோப்பின் கேஷை ஓட்டத்துக்கு முன் தானே கழற்றிவிடும் இயல்புடையது.

உள்ளே மட்டுமே தெரிபவை எவை என்று கேட்டீர்கள். கன்டெய்னருக்கு நினைவக வரம்பு வைத்தால், அதன் கோப்புகளுக்கான பேஜ் கேஷும் அந்த வரம்புக்குள்ளேயே கணக்கு வைக்கப்படும். 32 ஜிபி உள்ள சர்வரில் ஹோஸ்ட்டிலிருந்து வாசிக்கும்போது முழுவதும் நினைவகத்திலிருந்து வந்த ஒரு அட்டவணை, 1 ஜிபி வரம்புள்ள கன்டெய்னரில் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் தட்ட நேரலாம். போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் இந்தக் கேஷை நம்பித்தான் வாசிக்கிறது. எழுதும் வேகத்துக்கு வரம்பு வைத்தாலும் இதே நிலைதான்: சிகுரூப்பின் முதல் பதிப்பில் அந்த வரம்பு கேஷ் வழியாகப் போகும் எழுதல்களைக் கட்டுப்படுத்தவில்லை, இரண்டாம் பதிப்பில் எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டங்களில் கட்டுப்படுத்துகிறது. இவற்றில் எதுவும் ஹோஸ்ட் சோதனையில் தலைகாட்டாது.

(மேக், விண்டோஸ் கணினிகளில் டாக்கர் டெஸ்க்டாப் வைத்து அளக்கிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே நடுவில் ஒரு முழு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரமே உட்கார்ந்திருக்கிறது.)

மாசி வீதி:
இருவரும் வேகம், வேகம் என்றே பேசுகிறீர்கள். பூக்கடைச் சீட்டுக்கு நொடிக்கு எத்தனை எம்பி என்பது தேவையே இல்லை. ஒவ்வொரு சீட்டையும் கமிட் செய்யும்போது (உறுதிப்படுத்தும்போது) போஸ்ட்கிரெஸ், மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் தன் வால் (WAL) பதிவேட்டை டிஸ்க்கில் நிலைப்படுத்தச் சொல்லி எஃப்டேட்டாசிங்க் அழைத்துவிட்டுக் காத்திருக்கும். தராசடியில் நிற்கும் ஆள் காத்திருப்பதும் அந்த நேரத்தைத்தான். 128 கேபி துண்டுகளும் ஆழமான வரிசையும் (ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள்) வைத்து எஃப்ஐஓ தரும் அழகான எண் இதைப் பற்றி எதுவுமே சொல்லாது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸின் தரவுத்தளமான எட்சிடிக்கு வேகத்தையா கேட்கிறார்கள்? பதிவேட்டை நிலைப்படுத்தும் நேரம் 99ஆம் சதமானத்தில் (நூற்றில் 99 முறை) 10 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

மின்சாரம் போனாலும் தரவைக் காக்கும் கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி இந்த அழைப்புக்கு உடனே பதில் சொல்லும். கடையில் வாங்கும் சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் எழுதிவிட்டே திரும்பும். கன்டெய்னரா ஹோஸ்ட்டா என்பதால் வரும் வேறுபாடு இதற்கு முன் கால் தூசு பெறாது. போஸ்ட்கிரெஸுடனேயே வரும், நிலைப்படுத்தும் நேரத்தை அளக்கும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் கருவியை வால்யூமில் உள்ள ஒரு கோப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இ டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதை நண்பகலிலும் ஒரு முறை ஓட்டுவது நல்லது. சூடு ஏறினால் டிஸ்க் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வடபழஞ்சி:
மாசி வீதி சொல்வதை முழுவதும் ஏற்கிறேன், ஆனால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்கு ஜர்னல் (மாற்றங்களை முதலில் எழுதும் குறிப்பேடு) ஒன்றுதான். பக்கத்துக் கன்டெய்னர் ஒன்று பேக்கப் எடுத்துக் குவித்துக்கொண்டிருந்தால், போஸ்ட்கிரெஸின் சிறிய நிலைப்படுத்தல் அந்தக் குவியலும் இறங்கும்வரை காத்திருக்க நேரிடலாம். தனியாக ஒரு கன்டெய்னருக்குள் உட்கார்ந்து அளந்தவருக்கு எண் சுத்தமாகவே தெரியும். முழு இயந்திரத்தையும் ஹோஸ்ட்டிலிருந்து, டிஸ்க் பயன்பாட்டைக் காட்டும் ஐஓஸ்டாட்டில் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் டிஸ்க் எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பது புலப்படும்.

ஒத்தக்கடை:
பார்ப்பதை ஹோஸ்ட்டிலிருந்து பாருங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. அளக்கும் கருவி ஓட வேண்டிய இடம் மட்டும் போஸ்ட்கிரெஸ் ஓடப்போகும் கன்டெய்னரின் அதே இமேஜ், அதே வரம்புகள், அதே வால்யூம் என்பதே என் கட்சி. பேக்கப் கன்டெய்னரையும் வேண்டுமென்றே ஓடவிட்டு அளக்கலாம். முடிந்தால் தரவுக்கென்று தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கிவிடுங்கள், ஜர்னல் தகராறே இராது.

யானைமலை:
அப்படியானால் வியாபாரம் ஓய்ந்த பிற்பகலில், இரவுநேர பேக்கப்பையும் கூடவே ஓடவிட்டு, பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்கை வால்யூமில் ஓட்டுகிறேன். பிறகு 8 கேபி துண்டு, வரிசை ஆழம் 1, ஒவ்வொரு எழுதலுக்கும் எஃப்டேட்டாசிங்க் என்று எஃப்ஐஓவையும் ஓட்டி, சராசரியை விட்டுவிட்டு 99ஆம் சதமானத்தைக் குறித்துக்கொள்கிறேன். அதே சோதனை விவரக் கோப்பை ஹோஸ்ட்டிலும் ஒரு முறை.

வடபழஞ்சி:
இரண்டு இடத்திலும் ஒரே எஃப்ஐஓ பதிப்பு, ஒரே இன்ஜின். சோதனைக் கோப்பின் அளவை முன்கூட்டியே கட்டுப்படுத்துங்கள், முடிந்தவுடன் அழித்துவிடுங்கள். அந்த வால்யூம் நிரம்பி வால் பதிவேட்டை எழுத இடமில்லாமல் போனால், போஸ்ட்கிரெஸ் எச்சரித்துவிட்டு ஓடிக்கொண்டிருக்காது, நின்றே விடும்.