மறுமொழி: 'டிரக் ஆட்டிட்யூட் இன்வென்டரி' - தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். மருந்தைப் பற்றி நோயாளி என்ன நினைக்கிறார் என்று அளக்கும் 'டிரக் ஆட்டிட்யூட் இன்வென்டரி' என்ற வினாத்தாளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'மருந்து மனநிலைப் பட்டியல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, இதில் 'மனநிலை' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வினாத்தாளை 1983-இல் ஹோகன், அவாத், ஈஸ்ட்வுட் மூவரும் மனச்சிதைவு நோயாளிகளுக்காக உருவாக்கினார்கள். இன்றும் இது பெரும்பாலும் மனநலப் பிரிவில்தான் கைக்கு வரும். 'மனநிலை சரியில்லாதவர்' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு நொந்தவரிடம், அதே சொல்லைத் தலைப்பில் போட்ட தாளை நீட்டக்கூடாது. தவிர, மனநிலை என்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என மாறுவது. இங்கே அளப்பது, மருந்தைப் பற்றி ஒருவர் மனதில் ஊறிப்போன பார்வையை.

'மனப்பான்மை' என்றால் நம்மூரில் உடனே 'தாழ்வு மனப்பான்மை' நினைவுக்கு வரும். குணத்தைக் குறை சொல்வதுபோல ஆகிவிடும். இலங்கைத் தமிழர் 'மனப்பாங்கு' என்கிறார்கள். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதையே எடுத்துக்கொள்வோம்.

இன்வென்டரி என்றால் பட்டியல், சரி. ஆனால் மருத்துவமனையில் 'மருந்துப் பட்டியல்' என்றால் எல்லோரும் மருந்துக் கடைக்கான சீட்டைத்தான் நினைப்பார்கள். மூல வடிவத்தில் இருப்பவை 30 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று குறிக்க வேண்டும். 10 கூற்றுகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. மருந்துக்குச் சாதகமான விடைக்குக் கூட்டல் ஒன்று, பாதகமானதற்குக் கழித்தல் ஒன்று. ஆகவே சுருக்க வடிவத்தின் மொத்த மதிப்பெண் கழித்தல் 10-க்கும் கூட்டல் 10-க்கும் இடையில் நிற்கும். இதற்கு 'வினாநிரல்' பொருந்தும்.

'மருந்து இணக்க அளவுகோல்' என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. இணக்கம் என்பது மருத்துவர் சொன்னபடி நடந்தாரா என்ற கேள்வி. ஒருவர் மருந்தை வெறுத்துக்கொண்டே, வீட்டார் வற்புறுத்துகிறார்கள் என்பதற்காக வேளை தவறாமல் போடலாம். இன்னொருவர் மருந்தால் நன்மை என்று முழுதாக நம்பியும், கையில் காசில்லாமல் பாதியில் நிறுத்தலாம். மனப்பாங்கையும் இணக்கத்தையும் ஒரே சொல்லில் அடைத்தால், வறுமையால் நிறுத்தியவர் பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்குவார். இணக்கத்தைக் குறிக்கும் 'கம்ப்ளையன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் அதிகார வாடை வீசுகிறது என்றுதான் மருத்துவ உலகமே 'அட்ஹியரன்ஸ்' பக்கம் நகர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கையும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது. அதற்கு 'மருந்துக் கடைப்பிடிப்பு' என்று தனியே வைத்துக்கொள்வோம்.

அப்புறம், 1999-இல் ராப் ஹார்ன் குழுவினர் வெளியிட்ட 'பிலீஃப்ஸ் அபவுட் மெடிசின்ஸ்' வினாத்தாள். அதை 'மருந்து நம்பிக்கை வினாநிரல்' என்றால் அர்த்தமே திரும்பிவிடும். தமிழில் நம்பிக்கை என்றால் நல்லது நடக்கும் என்று நம்புவது. அந்த வினாத்தாளிலோ, தனக்குக் கொடுத்திருக்கும் மருந்து தேவைதான் என்று ஒருவர் எவ்வளவு எண்ணுகிறார் என்பதற்கு 5 கூற்றுகள் இருந்தால், அதைப் பற்றிய கவலைகளுக்கும் 5 கூற்றுகள் இருக்கின்றன. 'இந்த மாத்திரைக்கே அடிமை ஆகிவிடுவேனோ' என்று நம் வீடுகளில் கேட்கிற பயமும் அங்கே உண்டு. 'மருந்து பற்றிய எண்ணங்கள்' என்று எளிமையாகச் சொன்னால் போதும்.

தலைப்பைவிட எனக்குப் பெரிய கவலை கூற்றுகளைத் தமிழாக்குவதில்தான். 'டிரக்' என்பதைப் 'போதைமருந்து' என்று எழுதக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'மருந்து குடித்தல்' என்பதையும் தவிர்க்க வேண்டும். இலங்கையில் அது சாதாரணப் பேச்சு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'மருந்தைக் குடிச்சிட்டான்' என்றால் பூச்சிமருந்து என்றுதான் பொருள். மனநலப் பிரிவில் அந்தத் தொடரைப் படிக்கும் குடும்பத்துக்கு நெஞ்சு பதறும். 'மாத்திரை மருந்து எடுத்துக்கொள்வது' என்று எழுதினால் இரு நாட்டிலும் சிக்கல் இல்லை.

எதிர்மறைக் கூற்றுகளிலும் கவனம் தேவை. 'மருந்து எனக்கு உதவவில்லை' என்று எழுதிவிட்டுச் சரியா தவறா என்று கேட்டால், 'இல்லை' என்று தலையாட்டுபவர் எதை மறுக்கிறார் என்று யாருக்கும் புரியாது. மூலத்தில் மருந்துக்குப் பாதகமான கூற்றுகளும் உண்டு. அவற்றை 'இல்லை' போடாமல் நேராகவே எழுதலாம்: 'மாத்திரை போட்டால் அசதியாக இருக்கிறது.'

ஆகவே என் பரிந்துரை: 'மருந்து மனப்பாங்கு வினாநிரல்'.

ஒரு கூற்றுக்கு மட்டும் உதவி வேண்டும். மருந்தால் தான் தானாக இல்லை, ஒரு மாதிரி மயங்கிக் கிடப்பதுபோல இருக்கிறது என்ற பொருளில் ஒன்று வருகிறது. 'மந்தமாக' என்றால் அசதிக் கூற்றோடு கலந்துவிடுகிறது; 'போதையாக' என்றால் பழி போல ஒலிக்கிறது. குழுவில் உள்ள செவிலியர்களும் மனநல சமூகப் பணியாளர்களும், நோயாளிகள் தங்கள் வாயால் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஊர் வழக்கோடு எழுதுங்கள்.

அன்புடன்.