59 மைனரின் டாஷ்போர்டில் ஓட்டை வெட்டலாமா?

வெள்ளவத்தை மைனர்:
அப்பாவின் 59 மொரிஸ் மைனர், 948 சிசி. போன மாதம் கொழும்பு காலி வீதி நெரிசலில், பம்பலப்பிட்டிக்குக் கிட்ட நின்று நின்று போகும்போது போனட் இடுக்கால் ஆவி வந்தது. ஓரங்கட்டுவதற்குள் எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது. மைனரில் தண்ணீர் வெப்பம் காட்டும் மீற்றர் இல்லை. நடுவில் ஒரு ஸ்பீடோமீற்றர், அதற்குள்ளேயே பெற்றோல் முள், சில சின்ன விளக்குகள், அவ்வளவுதான். கொதிக்கிறது என்பது கொதித்த பிறகுதான் தெரியும்.

கேஸ்கட் மாற்றியாயிற்று. சனிக்கிழமை பஞ்சிகாவத்தைப் பழைய கார் சாமான் கடைகளில் சும்மா கிண்டிக்கொண்டிருந்தபோது பழைய ஸ்மித்ஸ் இரட்டை மீற்றர் ஒன்று கிடைத்தது. மேலே ஒயில் அழுத்தம், கீழே தண்ணீர் வெப்பம். குரோம் வளையத்தில் கொஞ்சம் கறள், கண்ணாடி முழுசு. எந்தக் காரில் கழற்றியது என்று கடைக்காரருக்கே தெரியாது. 9,000 சொன்னார், 6,000க்குத் தந்தார்.

ஸ்பீடோமீற்றருக்குப் பக்கத்தில் 52 மில்லிமீற்றர் ஓட்டை வெட்டி அரை மணித்தியாலத்தில் பூட்டித்தருவதாக கராஜ் பாஸ் சொல்கிறார். வெட்டவா, விடவா? அப்பாவைக் கேட்டால் பதில் சொல்லாமல் பேப்பரைப் பார்க்கிறார்.

கறள் எதிரி:
வெட்டாதீர்கள் தம்பி.

மைனரின் டாஷ்போர்ட் பலகை இல்லை, தகடு. வெட்டிய விளிம்பில் பெயின்ட் நிற்காது. வெள்ளவத்தைக் கடல் காற்றுக்கு அந்த விளிம்பிலிருந்துதான் கறள் ஏறும். ஐந்து வருஷத்தில் மீற்றரைச் சுற்றிப் பொக்குளம் கிளம்பும். அறுபது வருஷத்துக்கு மேல் ஒருவரும் கை வைக்காத தகடு. அதை 6,000 ரூபா சாமானுக்காகக் குத்துவதா?

இன்னொன்று, மீற்றர் எஞ்சினைக் குளிரவைக்காது. கொதித்த காரணத்தைப் பாருங்கள். றேடியேற்றர் கோர் கழுவினீர்களா? தண்ணீருக்கு வழிவிடுகிற தேர்மோஸ்டாட் 82 பாகை செல்சியஸில் திறக்கிறதா? றேடியேற்றர் மூடி 7 பிஎஸ்ஐ அழுத்தம் பிடிக்கிறதா, அல்லது ரப்பர் போய் சும்மா இருக்கிறதா? அழுத்தம் பிடித்தால் தண்ணீர் 110 பாகை அளவில்தான் கொதிக்கும். பிடிக்காவிட்டால் 100 தான். காலி வீதியில் அந்தப் பத்துப் பாகை பெரிய விஷயம்.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:
காய்ச்சல் மானி காய்ச்சலைக் குறைக்காது அண்ணை. அதற்காகப் பிள்ளைக்கு நெருப்பாகக் கொதிக்கும்போது அதை வைக்காமல் விடுகிறோமா?

வெட்டச் சொல்லுங்கள். இது ரோல்ஸ் ரோய்ஸ் இல்லை. 1960 முடிவதற்குள் பத்து இலட்சம் செய்துவிட்ட கார், பிரித்தானியாவில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார். ஆசிரியர்மாரும் டொக்டர்மாரும் ஓடிய வண்டி. அந்தக் காலத்திலேயே ஸ்மித்ஸ் கம்பெனி இந்த மாதிரி மீற்றர்களைத் தனியாக விற்றது, வாங்கினவர்கள் தங்கள் காரில் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் மைனரில் கூடுதல் மீற்றர் இருப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஏதோ தூதுவர் மாதிரிக் கதைக்கிறார்கள். இறக்குமதி திறந்தும் அந்தக் குணம் போகவில்லை.

கறள் எதிரி:
ஸ்மித்ஸ் விற்றது சரி. வாங்கினவர்களில் பாதிப் பேர் டாஷ்போர்டுக்குக் கீழே சின்னத் தகட்டில் தொங்கவிட்டார்கள், அதையும் சொல்லுங்கள். மைனரில் கீழே சாமான் தட்டு இருக்கிறது. அதன் விளிம்பில் இரண்டு ஆணியோடு ஒரு வளைதகடு. நாளைக்குக் கழற்றினால் அடையாளமே இருக்காது. இவ்வளவு சுலபமான வழியிருக்க எதற்கு வெட்டு?

பஞ்சிகாவத்தைப் பக்கம்:
அங்கே தொங்கவிட்டால் முழங்காலுக்குத்தான் தெரியும். முள்ளைப் பார்க்கக் குனிகிற நேரத்தில் 154 பஸ் பின்னால் வந்து நிற்கும்.

மட்டக்குளி வயர்மன்:
இரண்டு பேரும் தகட்டைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள். மீற்றருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

தம்பி, முதலில் முள்ளிலும் எண்களிலும் பாருங்கள். இருட்டில் ஒளிரும் பூச்சு பழுப்பு நிறத்தில், வெடித்து, பொடிந்து இருக்கிறதா? 1930கள், 40களின் மீற்றர்கள் சிலவற்றிலும், போர்க்கால விமான மீற்றர்களிலும் ரேடியம் பூசியிருந்தார்கள். இப்போது ஒளிராது, ஏனென்றால் ஒளிர்கிற இரசாயனம் செத்துவிட்டது. ரேடியம் சாகவில்லை, அதன் அரைவாழ்வு 1,600 வருஷம். அப்படியான பூச்சு என்றால் கண்ணாடியைத் திறக்கவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம், தூசியை ஊதவும் வேண்டாம். வெறும் வெள்ளைப் பெயின்ட் என்றால் பயமில்லை.

பிறகு, வெப்பப் பக்கத்துக்குப் பின்னால் வயர் வருகிறதா, அல்லது செப்புக் குழாயும் நுனியில் ஒரு குமிழும் வருகிறதா?

வெள்ளவத்தை மைனர்:
வெள்ளைப் பெயின்ட்தான் அண்ணா. பின்னால் மெல்லிய செப்புக் குழாய், அதைச் சுற்றிக் கம்பிச் சுருள், நுனியில் விரல் நீளத்துக்குக் குமிழ்.

மட்டக்குளி வயர்மன்:
நல்லது. அப்படியென்றால் அது முழுக்க மெக்கானிக்கல். உங்கள் கார் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் கார் உடலோடு சேர்ந்திருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே இருக்கிற 2.2 வொட் விளக்கு தவிர அதற்கும் பற்றரிக்கும் உறவே இல்லை. வயர் மீற்றர் என்றால்தான் தலையிடி. அதிலும் இரண்டு சாதி. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழும்பினால் பழைய வகை, 12 வோல்ட்டில் நேரே ஓடும். மெல்ல ஊர்ந்து ஏறினால் பிந்திய வகை, அதற்கு 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் வேண்டும். ஒரு சாதி மீற்றரையும் மற்றச் சாதி சென்டரையும் (எஞ்சினில் சூட்டை உணர்ந்து மீற்றருக்கு அனுப்புகிற துண்டு) சேர்த்துப் பூட்டினால் முள் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

உங்களுடைய குழாய்க்குள் ஈதர். சூட்டில் அது ஆவியாகி அழுத்தும், அந்த அழுத்தத்தைத்தான் முள் காட்டுகிறது. குழாய் எங்காவது மடங்கி வெடித்தால் மீற்றர் செத்தது. வெட்டி ஒட்ட ஏலாது. அதனால் டாஷ்போர்டை வெட்டுவதற்கு முன் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து குமிழை மட்டும் இறக்குங்கள். கொழும்பு கடல் மட்டம், கொதிநீர் 212 பாரன்ஹைட், அதாவது 100 செல்சியஸ். நுவரெலியாவில் இருக்கிற மாமா வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், அங்கே தண்ணீர் 94 செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், பிறகு மீற்றர் பிழை என்று எறிந்துவிடுவீர்கள்.

கொட்டாஞ்சேனை ஏ40:
மீற்றர் பொய் சொல்வது பற்றி ஒரு பகிடி. என் மச்சானின் 948 மைனரில் 1098 மைனரின் ஸ்பீடோமீற்றரைக் கழற்றிப் பூட்டினார்கள். வெளியே பார்த்தால் அச்சு அசல். ஆனால் பின் அச்சுப் பல் விகிதம் 948க்கு 4.55, 1098க்கு 4.22. அதனால் 948இல் ஒரு மைலுக்கு ஸ்பீடோமீற்றர் கேபிள் கூடுதலாகச் சுற்றுகிறது. 50இல் போனால் 54 காட்டும். ஆறு வருஷம் அப்படியே ஓடினான். வேகத்துக்கு ஒரு தரமும் பிடிபடவில்லை, எல்லா இடத்துக்கும் பிந்திப் போனான்.

கடைசியில் கேபிள் நுனியில் மட்டை அம்பு ஒன்றைக் குத்தி, ஒழுங்கைக்குள் காரை 16.09 மீற்றர் தள்ளினோம். அது ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. அம்பு எத்தனை சுற்று என்று எண்ணி நூறால் பெருக்கினால் மைலுக்கு எத்தனை சுற்று என்று வரும். அதே எண்தான் ஸ்மித்ஸ் முகத்தில் கீழே சின்னதாக அச்சடித்திருக்கும். இரண்டும் ஒத்துவந்தால்தான் மீற்றர் அந்தக் காருக்கு உரியது.

கறள் எதிரி:
பார்த்தீர்களா, கழற்றின சாமான் என்றால் இதுதான்.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:
பல் விகிதம் தெரியாமல் பூட்டினவன் பிழை, சாமானின் பிழை இல்லை.

வெள்ளவத்தை மைனர்:
அம்மாவின் இடியப்பப் பானையில் இறக்கினேன். அவரிடம் சொல்லவில்லை. முள் முதலில் அசையவே இல்லை, சரி, 6,000 போயிற்று என்று நினைத்தேன். ஒரு நிமிஷத்துக்குப் பிறகு மெதுவாக ஏறி 212க்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. தூக்கினதும் இறங்கியது. உயிரோடுதான் இருக்கிறது.

கறள் எதிரி:
சந்தோஷம். ஆனால் ஒயில் பக்கத்தை மறந்துவிட்டீர்கள். வெப்பப் பக்கத்தில் வெறும் குழாய்தான் உள்ளே வருகிறது. ஒயில் பக்கத்தில் எஞ்சின் ஒயிலே உங்கள் முழங்காலுக்கு மேலே வந்து நிற்கிறது, 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில், கொதிக்கக் கொதிக்க. பழைய செப்புக் குழாய் வருஷக்கணக்காக அதிர்ந்து இறுகிப்போய் இருக்கும். அது நட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கிற நாளில் டாஷ்போர்ட் அழகாக இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் காரில் வெடித்தது. கராஜின் பெயர் வேண்டாம். காற்சட்டை, கார்ப்பெட் எல்லாம் ஒயில். நல்லகாலம் கார் நின்றுகொண்டிருந்தது.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:
இதில் அண்ணை சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பழைய குழாயைப் பூட்ட வேண்டாம். எஞ்சின் பக்கத்தில் வளையக்கூடிய ரப்பர் ஹோஸ் கட்டாயம் போட வேண்டும், எஞ்சின் ஆடும், கார் உடல் ஆடாது. ஒயில் விளக்கின் சுவிட்ச் இருக்கும் இடத்தில் T வடிவ இணைப்பு ஒன்று வைத்தால் விளக்கும் மீற்றரும் இரண்டும் வேலை செய்யும். விளக்கைக் கழற்றிவிடாதீர்கள். முள்ளை எப்போதும் பார்க்க மாட்டோம், விளக்கு கண்ணில் குத்தும்.

குமிழுக்கு இடம், எஞ்சின் தலையில் தேர்மோஸ்டாட்டுக்குக் கீழே சில எஞ்சின்களில் அடைத்த ஓட்டை இருக்கும். இல்லாவிட்டால் தேர்மோஸ்டாட்டுக்கு அடியில் வைக்கிற இடைத்துண்டு. மிஞ்சுகிற செப்புக் குழாயைச் சுருட்டிக் கட்டுங்கள், மணிக்கட்டு அகலத்துக்குக் குறையாமல். எக்ஸோஸ்டுக்குக் கிட்ட விட வேண்டாம், அந்தச் சூட்டையும் குழாய் கொஞ்சம் வாங்கும்.

ஆனால் வெட்டுவது பற்றி என் கருத்தில் மாற்றமில்லை.

கறள் எதிரி:
என்னுடையதிலும்.

வெள்ளவத்தை மைனர்:
எல்லோரும் இதைக் கேளுங்கள்.

இன்றைக்குப் பின்னேரம் அளவு பார்ப்பதற்காக ஸ்பீடோமீற்றரைக் கழற்றினேன். அந்த ஓட்டைக்குள் கையை விட்டு, பாஸ் வெட்டச் சொன்ன இடத்தின் பின்பக்கத்தைத் தடவினால் ஏதோ தடிப்பாக இருந்தது. கண்ணாடியும் டோர்ச்சும் பிடித்துப் பார்த்தேன். வட்டமான தகடு ஒன்றைப் பின்னால் வைத்து ஈயம் ஊற்றியிருக்கிறார்கள். முன்பக்கம் புட்டி, அதற்கு மேல் பெயின்ட். வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. குறுக்களவு 52.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். 74இல் அவர்தான் வெட்டினாராம், ஒயில் மீற்றருக்கு. நான்கு வருஷத்துக்குப் பிறகு குழாய் வெடித்து அம்மாவின் சீலை பழுதானதாம். அடுத்த கிழமையே அடைத்துவிட்டாராம். அம்மாவுக்கு இது இன்னும் ஞாபகம் இருப்பதால்தான் பேசாமல் இருந்தாராம்.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:
அறுபது வருஷம் ஒருவரும் கை வைக்காத தகடு 😀 

கறள் எதிரி:
சிரியுங்கள். வெட்டினவரே மனம் மாறி அடைத்திருக்கிறார் என்பதையும் வாசியுங்கள்.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:
அடைத்தது குழாய்க்காக, ஓட்டைக்காக இல்லை. ரப்பர் ஹோஸ் போட்டிருந்தால் இன்றைக்கும் அங்கேயே இருந்திருக்கும்.

மட்டக்குளி வயர்மன்:
ஈயத்தைச் சூடாக்கி எடுக்கும்போது பின்னால் இருக்கிற வயர்களை முதலில் விலக்குங்கள். பழைய துணி உறை வயர் என்றால் ஒரு பொறி காணும். பற்றரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

வெள்ளவத்தை மைனர்:
அண்ணா, ஈயத்தை எடுப்பதா இல்லையா என்று இன்னும் முடிவில்லை. ஒயில் பக்கத்தைப் பூட்டாமல் அடைத்துவிட்டு, வெப்பப் பக்கத்தை மட்டும் பாவித்தால் மீற்றருக்கு ஏதும் ஆகுமா? அம்மா முன் சீற்றில்தான் இருப்பார்.