புதுப்பிப்பு: சுதந்திர தின மூன்று நாள் விடுமுறை, சென்னையிலேயே

2025 ஆகஸ்ட் 15 வெள்ளி, அடுத்து சனி, ஞாயிறு. ஐந்தும் பத்தும் வயதுப் பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போகாமல் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம்தான். ஆனால் ஒன்று: அதற்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அது தெரியாமல் பதினைந்தாம் தேதி பள்ளிக் கொடியேற்றம் முடிந்த கையோடு போய், மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பாக்கெட்டில் இருந்த ஆரஞ்சு மிட்டாய்தான் சின்னவளைச் சமாதானப்படுத்தியது.

சனிக்கிழமை மறுபடி போனோம். 1947 ஆகஸ்ட் 15 அன்று அதே கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி, மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. 12 அடிக்கு 8 அடி. பெரியவன் தரையில் அடி வைத்து அளந்து பார்த்து, “நம்ம ஹாலைவிடப் பெருசுப்பா” என்றான்.

அன்றே கோகுலாஷ்டமி. மாலையில் வாசலிலிருந்து பூஜை அறை வரை மாக்கோலத்தில் கண்ணன் பாதம் போட்டது பிள்ளைகள்தான். இரண்டு சீடை எண்ணெயில் வெடித்தன. மாவைச் சலிக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

ஞாயிறு முழுக்கத் தூக்கம்.