மாராவில கண்ட நொண்டிக் கடுவன் சிங்கம்: ஆரும் இப்பிடிக் கண்டிருக்கிறீங்களா?

வெள்ளவத்தை வாசி:
மனுசியின்ர தம்பிக்கு நைரோபியில வேலை. அவர்தான் கென்யாவின்ர மசாய் மாரா சரணாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். மஞ்சள் காய்ச்சல் ஊசி, விசா, ரோட்டுக் குலுக்கம் எல்லாம் போனாக்களுக்குத் தெரியும், விடுறன்.

விடியப்புறம் தலெக் ஆத்துப் பக்கம் மூண்டு கடுவன். ரெண்டு முன்னால, ஒண்டு பின்னால. பின்னால வந்தது வலது பின்னங்காலை நிலத்தில ஊண்டவே இல்லை. தொடையில தோல் கிழிஞ்சு தொங்குது, புண் முழுக்க இலையான் மொய்ச்சுக் கறுப்பாக் கிடக்குது. கொஞ்சத் தூரம் நடக்கும், சரிஞ்சு படுக்கும், திரும்ப எழும்பும். முன்னால போனதுகள் திரும்பியும் பாக்கேல்லை, புல்லுக்குள்ள மறைஞ்சே போச்சுதுகள்.

அப்பத்தான் படுத்திருந்தது ஒரு சத்தம் போட்டுது. கர்ச்சனை இல்லை. வாயைத் திறக்காமல் நெஞ்சுக்குள்ளால வாற முனகல். கொஞ்சம் செல்ல, கறுத்தப் பிடரிக்காரன் வந்த வழியால திரும்பி வந்தான். தலையோட தலையை உரசினான். பிறகு குனிஞ்சு புண்ணை மணந்தான். உடன படுத்திருந்த நொண்டி முன்னங்காலால அவன்ர மூஞ்சையில ஓங்கி ஒண்டு விட்டான் பாருங்கோ! ஜீப்புக்குள்ள இருந்த எங்களுக்கே சத்தம் கேட்டது. அடி வாங்கினவன் திருப்பி அடிக்கேல்லை. ரெண்டு எட்டுத் தள்ளி, மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு படுத்திட்டான்.

ஒரு சிங்கத்துக்குக் கிட்ட அஞ்சு வண்டிக்கு மேல நிக்கக்கூடாது எண்டது அங்கத்தைச் சட்டம். பின்னால வண்டியள் காத்துக்கொண்டு நிண்டதால நாங்கள் எடுக்கவேண்டி வந்திட்டுது. அவன் ஏன் திரும்பி வந்தவன்? அடியை வாங்கிக்கொண்டு ஏன் படுத்தவன்? இண்டைக்கும் விளங்கேல்லை.

கொட்டாஞ்சேனை பெரியவர்:
தம்பி, பாசம் எண்டு நினைச்சு உருகாதீங்கோ. கூட்டுச் சேருற கடுவன்கள் அனேகமா அண்ணன் தம்பி, இல்லாட்டி ஒண்டவிட்ட சகோதரங்கள். ரெண்டு மூண்டு வயசில கூட்டத்திலயிருந்து துரத்துப்பட்டு ஒண்டாத் திரியிறதுகள். ஆள் கூடினால்தான் பெட்டையளின்ர கூட்டத்தைப் பிடிக்கலாம், பிடிச்சதைக் காக்கலாம். மூண்டு ரெண்டாகினால் அடுத்த கோஷ்டி வந்து அடிக்கும். தென்னாபிரிக்காவில சபி சாண்ட் எண்ட சரணாலயத்தில மபோகோ எண்டு ஆறு கடுவன்கள் ஊரையே ஆண்டதுகள். 2010இல அதில ஒண்டை மஜிங்கிலானே கோஷ்டி கொண்டுபோட்டுது. அதோட சரிவுதான். அப்ப நொண்டியெண்டாலும் கர்ச்சிக்க ஒரு வாய் இருக்குத்தானே.

நான் சபி சாண்டில கண்டது தனிச்ச ஒரு கிழவன். இடுப்பெலும்பு எண்ணலாம். எங்கட வண்டியின்ர நிழலில வந்து படுத்தது, அவ்வளவுதான்.

அடுத்தமுறை போறதெண்டால் சொல்லுறதைக் கேளுங்கோ. பெரிய லென்ஸுக்குக் காசைக் கொட்டாதீங்கோ, நல்ல பைனாகுலர் ஒண்டு காணும். கமராவை வைக்க ஒரு துணிப்பையில அரிசியோ பயறோ போட்டுக் கட்டிக்கொண்டு போங்கோ, ஜீப் ஜன்னலில அசையாது. விடிய நல்லாக் குளிரும், கொழும்பு ஆக்கள் அதை நம்பிறேல்லை, கம்பளிச் சட்டை கட்டாயம். ஜூலைக்கும் ஒக்டோபருக்கும் இடையில போனால் காட்டுமாட்டுக் கூட்டம் ஆறு கடக்கிறதும் பாக்கலாம், ஆனால் வண்டி நெரிசல். எனக்கெண்டால் அதுக்கு முந்தின மாதங்கள்தான் விருப்பம். மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பாஸ்போர்ட்டோடயே வையுங்கோ, கட்டுநாயக்கவில கேட்டால் சூட்கேஸைக் கிளறத் தேவையில்லை.

தெமட்டகொடை நானா:
பெரியவர், வாய் இருந்தாப் போதும்னா உகண்டாவுல இருக்குற மூணு கால் சிங்கம் ஜேக்கப்ப என்ன சொல்லுவீங்க? நான் உகண்டாவுல மினி ஹைட்ரோ வேலையில இருந்த நேரம் லீவுக்கு கசிங்கா கால்வாய்ல போட்ல போனேன். போட்டுப் பக்கத்துல ஒரு நீர்யானை வாயப் பொளந்துச்சு, போட்காரன் என்ட கையப் புடிச்சி உள்ளுக்கு இழுத்தான். முதலையும் கணக்கில்லாம.

2024 பெப்ரவரியில அந்தத் தண்ணியத்தான் ஜேக்கப்பும் அவன்ட தம்பி திபுவும் ராவுல நீந்திக் கடந்தாங்க. ஒரு கிலோமீட்டருக்கும் மேல! ட்ரோன்ல வெப்பக் கமரா வெச்சி ஆராய்ச்சிக்காரங்க படம் புடிச்சாங்க. ஜேக்கப்புக்கு மூணு கால்தான், 2020ல கள்ள வேட்டைக்காரன் வெச்ச பொறியில பின்னங்கால் போயிட்டு. அதுக்கு முந்தி சில தரம் தண்ணியில எறங்கி, திரும்பி வந்திருக்காங்க. வேற கடுவன்கள்ட்ட அடி வாங்கிட்டு, பொம்பளச் சிங்கம் தேடித்தான் போனாங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. சரி, அது சுயநலமாவே இருக்கட்டும். திபுக்கு நாலு கால் நல்லா இருக்கே, இவ்வளவு காலமா மூணு காலனோட ஏன் திரியிறான்?

அந்த வீடியோவப் பாத்த நாள்லேர்ந்து போட்ல என்ட கை வெளியில இருந்ததுதான் ஞாபகத்துக்கு வருது.

மஸ்கெலியா பொண்ணு, இப்ப கொழும்பு:
அண்ணா மாராவுல கண்ட சிங்கத்துக்குக் கால் எதனால அப்படி ஆச்சுன்னு யாருமே கேக்கலையே? 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கத்துத் தோட்டத்துல கருஞ்சிறுத்தை கம்பியில மாட்டுன நேரம் நான் லாக்டவுனுக்கு ஊருலதான் இருந்தேன். தூரத்துலேர்ந்துதான் பாத்தேன். அது இழுக்க இழுக்கக் கம்பி இறுகுது, அந்தச் செடியெல்லாம் ஆடுது, நாங்க சும்மா நிக்கிறோம். உயிரோட எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோனாங்க, சில நாள்ல செத்துருச்சு. எங்க பக்கம் பன்னிக்குத்தான் கம்பி வைப்பாங்க, மாட்டுறது எது எதுவோ.

மிருகங்க அடிச்சிக்கிட்டு வந்த காயத்துக்குப் பொதுவா யாரும் கை வைக்க மாட்டாங்க. மனுசன் வச்ச கம்பின்னா கென்யாவுல டொக்டர்மார் மயக்க ஊசி போட்டு மருந்து கட்டுவாங்க. அண்ணா, கைட்கிட்டச் சொன்னீங்களா இல்லையா?

வெள்ளவத்தை வாசி:
சொன்னனான் தங்கச்சி. அவர் அந்த இடத்திலயே ரேடியோவில அறிவிச்சவர். கம்பியெண்டால் காலைச் சுத்தி வெட்டியிருக்கும், இது மேலயிருந்து கீழ கிழிஞ்சது, எருமைக் கொம்பாத்தான் இருக்கும் எண்டார். பின்னேரம் வேற வண்டிக்காரர் தேடினவை, மூண்டையும் காணேல்லையாம்.

கொட்டாஞ்சேனை பெரியவர்:
கொம்போ கம்பியோ எண்டு படத்தைப் பாத்தால் சொல்லுவன். போடுங்கோ.

வெள்ளவத்தை வாசி:
படம் எங்க, அண்ணை? மச்சான்தான் வீடியோ எடுத்தவர். அதில முழுக்க ஜீப்பின்ர கம்பியும் என்ர தொப்பியும்தான்.