குளூட்டனை விட்டவர்கள் முதலில் பெருங்காயத்துக்குப் பதில் சொல்லட்டும்

கொள்ளிடம்காற்று:
போன வாரம் இந்த மன்றத்தின் சமையல் பகுதியில் ராகிக்கூழ் என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் வயிற்றில் எரிச்சல்தான். "குளூட்டன் துளிகூட உள்ளே போகாமல் பார்த்துக்கொள்கிறேன், ஐ.பி.எஸ். ஓடியே போய்விட்டது, எந்த டாக்டரும் இதைச் சொல்ல மாட்டார்" என்று அடித்துச் சொல்லியிருந்தார். குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கிற புரதம்; ஐ.பி.எஸ். என்பது வயிற்று வலியும் உப்புசமுமாகப் படுத்துகிற குடல் கோளாறு. கீழே ஒரே கைதட்டல். "அக்கா நீங்க தெய்வம்" என்று ஒருவர்.

சரி. அதே பதிவில் மதியச் சாப்பாட்டுப் படமும் போட்டிருந்தார். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு. மூன்றிலும் பெருங்காயம் போட்டேன், அது வாயுவுக்கு நல்லது என்று பெருமை வேறு. நம் கடைகளில் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வருகிற பிசினை அப்படியே டப்பாவில் அடைத்து விற்பது அபூர்வம். பெரும்பாலும் மைதாவும் கருவேலம் பிசினும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். அப்படியானால் "துளிகூட" எங்கே போனது?

ராகிக்கூழ்:
ஐயா, வணக்கம். என் பதிவில் இருந்த அத்தனையையும் விட்டுவிட்டு ஒரு சிட்டிகையைப் பிடித்துக்கொண்டீர்களே.

ஈரோட்டிலிருந்து கோவைக்கு பஸ் ஏறும்முன் எந்த ஊரில் வண்டி நிற்கும், அங்கே கழிப்பறை உண்டா என்று விசாரித்துவிட்டு ஏறிய ஆள் நான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரப் பயம். போன டாக்டரெல்லாம் அமீபா என்று மாத்திரை எழுதினார்கள், ஒருவர் "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று சொல்லி ஃபீஸ் வாங்கினார். வீட்டில் அவருக்கு சுகர் என்று ராத்திரி எல்லாருக்கும் சப்பாத்தியும் குருமாவும். அதை நிறுத்தி ராகிக்கும் அரிசிக்கும் மாறினேன், நிம்மதியாக இருக்கிறேன். இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

கொள்ளிடம்காற்று:
அனுதாபம் வேறு, அறிவியல் வேறு. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பெருங்காயத்தில் மைதா உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பழையசோறு:
ஆரம்பித்துவிட்டார் மாமா. நான் ஒரு சொம்பு நீராகாரத்தோடு உட்கார்ந்துவிட்டேன். நடத்துங்கள்.

லேப்கோட்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். மூன்று நான்கு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

சீலியாக் என்பது குளூட்டனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே அரிக்கும் நோய். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, தேவைப்பட்டால் குடலிலிருந்து துணுக்கு எடுத்தும் பார்ப்பார்கள். கோதுமை அலர்ஜி வேறு. ஐ.பி.எஸ். அதுவும் வேறு: குடலில் புண் எதுவும் தெரியாது, ஆனால் வலி, மலம் போகும் முறையில் மாற்றம், உப்புசம். ஐ.பி.எஸ். உள்ள பலருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் இருப்பது உண்மைதான். ஆனால் குற்றவாளி குளூட்டன் என்கிற புரதமாக இருக்க வேண்டியதில்லை. கோதுமையில் ஃப்ரக்டான் என்று ஒரு மாவுப்பொருளும் இருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நுண்ணுயிர்களால் புளித்து வாயு ஆகிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதும் அதேதான்.

மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்த கதை சுவாரஸ்யம். 2011இல் அவர்களே "சீலியாக் இல்லாதவர்களுக்கும் குளூட்டன் தொல்லை தருகிறது" என்று முடிவு வெளியிட்டார்கள். 2013இல் அதே குழு, இந்த வகை மாவுப்பொருள்களையெல்லாம் குறைத்த பிறகு குளூட்டனை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தது. வித்தியாசம் தெரியவில்லை. 2018இல் நார்வேயில் 59 பேருக்கு எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் தின்பண்டக் கட்டி கொடுத்துப் பார்த்தார்கள். ஃப்ரக்டான் கலந்ததுதான் அதிகம் படுத்தியது, குளூட்டன் கலந்தது அல்ல.

அக்கா விட்டது சப்பாத்தியை மட்டுமல்ல, அதோடு வந்த குருமாவையும். வெங்காயம், பூண்டு, முந்திரி எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. எதனால் சரியானது என்று எப்படிச் சொல்வது?

கொள்ளிடம்காற்று:
தம்பி, நார்வேயெல்லாம் போய்விட்டு வந்தீர்கள், மகிழ்ச்சி. பெருங்காயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

ராகிக்கூழ்:
லேப்கோட் தம்பி, சாம்பாரில் இன்றும் வெங்காயம் போடுகிறேன். ஒன்றும் செய்யவில்லை. அதனால் உங்கள் ஃப்ரக்டான் கதை என்னிடம் எடுபடாது.

லேப்கோட்:
எவ்வளவு போடுகிறீர்கள் அக்கா? அளவு முக்கியம். குருமாவுக்கு அரைத்துவிடுகிற வெங்காயமும் சாம்பாரில் மிதக்கிற நாலு துண்டும் ஒன்றா?

அரைப்படி:
நடுவில் ஒரு சந்தேகம். நானும் கோதுமையை விட்டுவிட்டேன், காலையில் ரவா உப்புமாதான். ஆனால் உப்புசம் குறையவில்லையே?

பழையசோறு:
ரவை என்ன மரத்திலா காய்க்கிறது?

அரைப்படி:
ரவை வேறு, கோதுமை வேறு. கடையில் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கோதுமை ரவை என்று இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் தொடுவதில்லை.

லேப்கோட்:
வெள்ளை ரவையும் கோதுமைதான் அண்ணா. சேமியாவும் பெரும்பாலும் கோதுமைதான். பார்லி மால்ட் போட்ட சத்துபானத்திலும் குளூட்டன் உண்டு.

அரைப்படி:
எங்கள் அம்மா விரதத்துக்கு ரவைதான் சாப்பிடுவார். அவருக்குத் தெரியாததா?

ஸ்கார்பரோவாசி:
இதையெல்லாம் வாசிக்க எனக்குக் கோபம்தான் வருகுது. என்ர மகளுக்குச் சீலியாக். எடை கூடேல்லை, ரத்தம் குறைவு, வயிறு மட்டும் ஊதிப்போய் இருந்தது. கண்டுபிடிக்க முதல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இப்ப ஆக்கள் "நானும் குளூட்டன் ஃப்ரீ" என்று சொல்லிப்போட்டு, விசேஷ வீட்டில் கேக்கைக் கண்டவுடன் "இண்டைக்கு ஒரு நாள்தானே" என்று சாப்பிடினம். அதைப் பார்த்த சனம் என்ர பிள்ளைக்கும் "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று நீட்டுது.

இங்கே கனடாவில் சீலியாக் உள்ளவர்கள் குளூட்டன் இல்லாத பாணுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். அவ்வளவுக்கு இது விளையாட்டில்லாத விஷயம். கொள்ளிடம் அண்ணை சொல்லுறது சரி. நாங்கள் பெருங்காயத்தை வீட்டுக்குள்ளேயே எடுக்கிறேல்லை.

கொள்ளிடம்காற்று:
கேட்டீர்களா! கடல் தாண்டியிருக்கிறவருக்குத் தெரிகிறது, ஈரோட்டில் இருக்கிறவருக்குத் தெரியவில்லை. பெருங்காயத்தில் மைதா. இத்தனை பதிவு ஆகியும் மறுப்பு வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராகிக்கூழ்:
எனக்குச் சீலியாக் என்று நான் எங்கே சொன்னேன்? ஸ்கார்பரோ அண்ணா, உங்கள் மகள் நன்றாக இருக்க வேண்டும், ஆனால் அந்தக் கோபத்தை என் மேல் கொட்டாதீர்கள்.

கொள்ளிடத்தாருக்கு என் மேல் என்ன கோபம் என்று எல்லாருக்கும் தெரியும். செக்கு எண்ணெய் விவாதத்தில் நான் விலைப்பட்டியலோடு வந்து கேள்வி கேட்டதை இன்னும் மறக்கவில்லை.

கொள்ளிடம்காற்று:
செக்கு எண்ணெயில் நீங்கள் ஜெயித்ததாக யார் சொன்னது? அந்த இழையை மட்டுறுத்துநர் பூட்டினார். பூட்டினால் வெற்றியா? நான் கடைசியாக எழுதிய பதில் இன்றும் அங்கேதான் இருக்கிறது, யாரும் தொடவில்லை.

பழையசோறு:
யாரும் படிக்கவும் இல்லை.

லேப்கோட்:
சரி, பெருங்காயத்தையே பார்த்துவிடுவோம். ஒரு சிட்டிகை கால் கிராம் என்று வையுங்கள். அதில் பாதி மைதா என்றால் 125 மில்லிகிராம். மைதாவில் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன், ஆக 12 அல்லது 13 மில்லிகிராம். நாலு பேர் சாம்பார் என்றால் ஆளுக்கு 3. ஒரு பரோட்டாவில் 60 கிராம் மைதா இருந்தால் 6,000 மில்லிகிராம். ஐ.பி.எஸ். உள்ளவருக்கு இந்த 3 மில்லிகிராம் ஒரு பொருட்டே இல்லை. சீலியாக் என்றால் கதை வேறு. அவர்கள் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் நிற்கப் பார்க்க வேண்டும், அதனால் ஸ்கார்பரோ அண்ணா ஒதுக்குவது நியாயம். நம் ஊரில் குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிடவே ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

கொள்ளிடம்காற்று:
கால் கிராமா? யார் வீட்டுச் சிட்டிகை அது? என் மாமியார் சிட்டிகை போட்டால் தெருமுனை வரை மணக்கும். சாம்பாரில் ஒன்று, ரசத்தில் ஒன்று, மோர்க்குழம்பில் ஒன்று, ஊறுகாயில் ஏற்கெனவே இருப்பது, அப்பளத்தில் இருப்பது. கூட்டுங்கள். கணக்கு என்றால் முழுதாகப் போட வேண்டும். எப்படிக் கூட்டினாலும் "துளிகூட" என்கிற சொல் பொய். நான் கேட்பது அதைத்தான்.

அரைப்படி:
கட்டிப் பெருங்காயம் வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை. தூளில்தான் கலப்படம். கட்டி சுத்தம்.

கொள்ளிடம்காற்று:
கலப்படம் இல்லை ஐயா, சட்டமே அனுமதிக்கிற கலவை. கட்டியிலும் மாவு உண்டு. மாவு போட்டுப் பிசைந்து உருட்டினால்தான் கட்டியாகவே நிற்கும்.

அரைப்படி:
எங்கள் தாத்தா காலத்துக் கட்டியை உளி வைத்து உடைக்க வேண்டும். அதில் எல்லாம் மைதா கிடையாது.

கொள்ளிடம்காற்று:
ரவை கோதுமை இல்லை என்றவரோடு நான் பேசுவதாக இல்லை.

லேப்கோட்:
எனக்குப் பெருங்காயத்தைவிட முக்கியமாகப் படுவது வேறு. அக்கா, சீலியாக் பரிசோதனை எடுத்தீர்களா? அதைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். விட்ட பிறகு எடுத்தால் இருக்கிற நோயும் இல்லை என்று காட்டிவிடும். தமிழ்நாட்டில் அரிது என்பது உண்மை. 2016இல் வெளியான ஆய்வில் வடக்கே நூற்றுக்கு 1.23, வேலூர்ப் பக்கம் 0.10. ஆனால் மரபணு நமக்கும் இருக்கிறது, நாம் கோதுமை குறைவாகச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். இப்போது ராத்திரிச் சப்பாத்தி வீட்டுக்கு வீடு வந்தாயிற்று.

அப்புறம் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, இதெல்லாம் இருந்தால் ஐ.பி.எஸ். என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஃப்ரக்டான் போன்ற மாவுப்பொருள்களைக் குறைக்கிற மோனாஷ் முறையும் காலம் முழுக்க விட்டுவிடுவது கிடையாது. இரண்டு முதல் ஆறு வாரம் குறைப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. எது ஒத்துக்கொள்கிறதோ அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பூண்டு மணம் வேண்டுமென்றால் எண்ணெயில் பல்லைப் போட்டுச் சிவக்க வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. குழம்பில் போட்டுக் கொதித்த பிறகு எடுத்தால் பயனில்லை, தண்ணீரில் இறங்கிவிடும்.

கீழ்வெண்மணிக்காரி:
பூண்டைத் தூக்கிப் போடுவதா? வெங்காயம் வேண்டாம், பூண்டு வேண்டாம், பருப்பைக் குறை. இது என்ன வைத்தியமா, ஏகாதசி விரதமா? சின்ன வெங்காயம் குளிர்ச்சி. அது வயிற்றைக் கெடுக்கும் என்று ஆஸ்திரேலியாக்காரன் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா?

லேப்கோட்:
எல்லாருக்கும் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு மட்டும்...

கீழ்வெண்மணிக்காரி:
எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகச் சின்ன வெங்காயமும் பழைய சோறும்தான். யாருக்கும் எந்த எஸ்ஸும் வந்ததில்லை.

பழையசோறு:
என்னை ஏன் இழுக்கிறீர்கள்?

கொள்ளிடம்காற்று:
திசைதிருப்பாதீர்கள். வெங்காயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இந்த இழை பெருங்காயத்துக்கு.

ராகிக்கூழ்:
எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்களா? என் வீட்டுப் பெருங்காய டப்பாவைப் படம் எடுத்து மேலே இணைத்திருக்கிறேன். "அரிசி மாவு" என்று போட்டிருக்கிறது. மைதா இல்லை. படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கொள்ளிடம்காற்று:
படத்தில் பாதி எழுத்துதான் தெரிகிறது. மூலப்பொருள் பட்டியலில் முதல் வரியும் கடைசி வரியும் வெட்டுப்பட்டிருக்கின்றன. அதோடு, இது இன்று எடுத்த படம். போன வாரச் சாம்பாரில் போட்டது இதே டப்பாதான் என்பதற்கு என்ன ஆதாரம்? இழை தொடங்கி இவ்வளவு நேரம் கழித்து, கடைக்குப் போய்வர அவகாசம் கிடைத்த பிறகு வருகிறது படம்.

ராகிக்கூழ்:
என்ன மனுஷர் ஐயா நீங்கள்! பில்லும் ஸ்கேன் செய்து போட வேண்டுமா?

கொள்ளிடம்காற்று:
போட்டால் நல்லது.

ஸ்கார்பரோவாசி:
அரிசி மா என்றாலும் அதே மில்லில் மைதாவும் அரைச்சால் கலக்கும். நாங்கள் அதைத்தான் முதலில் பார்ப்பம்.

கொள்ளிடம்காற்று:
பலே! இதற்கும் பதில் வேண்டும்.

லேப்கோட்:
அக்கா, அந்த ரத்தப் பரிசோதனை?

ராகிக்கூழ்:
அதற்காக மறுபடி வாரக்கணக்கில் சப்பாத்தி சாப்பிட்டு, பஸ்ஸில் பயந்துகொண்டு உட்காரவா? முடியாது தம்பி. எனக்குச் சரியாகிவிட்டது, பெயர் எதுவாக இருந்தால் என்ன.

கொள்ளிடம்காற்று:
பேச்சை மாற்ற வேண்டாம். டப்பாவின் பின்பக்கம், முழுப் படம், தயாரித்த தேதி தெரிகிற மாதிரி.