பாஸ்கா காலப் பூசையில் யாரும் வாய் திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

வெண்ணாற்றங்கரை:
பூதலூர்ப் பக்கம் சின்னக் கத்தோலிக்கப் பங்கு, அதாவது கோயில் சமூகம், எங்களுடையது. பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தி செய்ய வாசலைத் தாண்டி வரிசை நின்றது. உயிர்ப்பு இரவில் இருட்டில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் ‘இறைவனுக்கு நன்றி’ என்று சொன்னபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. உயிர்ப்பு ஞாயிறில் இருந்து ஐம்பது நாள் பாஸ்கா காலம், ஆனால் அடுத்த ஞாயிறே பழைய கதை, பாடகர் குழு பாடுகிறது, மற்றவர்கள் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கிறார்கள். மூன்றாம் ஞாயிறு வழிபாடு எங்கள் அன்பியத்தின் (பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு) முறை. பைபிள் வாசகம் யார் படிப்பது என்று கேட்டால் எல்லாரும் அதே டீச்சரைக் கைகாட்டுகிறார்கள்.

பழைய பாடகன்:
மக்களைக் குறை சொல்லாதீர்கள். வாராவாரம் யூடியூபில் இருந்து புதுப் பாட்டு எடுத்து, கீபோர்டில் சின்னப் பெண்களின் குரலுக்கு ஏற்ற சுருதியில் வைத்தால், வயலில் இருந்து வரும் ஆள் எப்படிப் பாடுவார்? கும்பகோணம் பக்கம் எங்கள் பங்கில் போன வருடம் ஐம்பது நாளைக்கும் ஒரே அல்லேலூயா மெட்டு என்று முடிவு செய்தோம். பாஸ்கா காலத்தில் முதல் வாசகத்துக்கு அடுத்து வரும் பதிலுரைப் பாடலுக்கு ‘அல்லேலூயா’ என்று மட்டும் பதில் சொல்லவும் அனுமதி உண்டு. பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு தடவை எல்லாரையும் பாட வைத்தோம். மூன்றாவது வாரம், வெளியே செருப்புக் குவியல் பக்கத்திலேயே நிற்கும் ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்களே பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

திருவாரூர் அக்கா:
வாசகத்துக்கு இதுதான் நல்ல காலம். இப்போது பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக முதல் வாசகம் புதிய ஏற்பாட்டின் திருத்தூதர் பணிகள் நூலில் இருந்து வரும், பாதிக்கு மேல் கதைதான். எங்கள் அன்பியத்தில் உளுந்து பறிக்கப் போகும் ஒரு அக்காவிடம் புதன்கிழமையே கொடுத்துவிட்டோம். மகள் அதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்த கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. பாஸ்கா காலத்தின் கடைசி நாளான தூய ஆவி பெருவிழா வாசகத்தை மட்டும் புதியவர்களிடம் தராதீர்கள். கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும், டீச்சரே திணறுவார்.

மேலவீதி:
வேலை பிரித்துக் கொடுத்தால் மட்டும் பங்கேற்பு ஆகிவிடுமா? 1963-இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில் முழுமையான, உணர்வுள்ள, செயல்முறைப் பங்கேற்பு வேண்டும் என்று சொன்னது. அதே ஏடு உரிய நேரத்தில் மௌனமும் வேண்டும் என்கிறது. மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் என் அம்மாவை யாரும் வந்து ‘பாடுங்க, பாடுங்க’ என்று குத்த வேண்டாம். ஒன்று செய்யுங்கள், தொடக்கத்தில் தீர்த்தம் தெளிக்கும்போது வெளியே நிற்பவர்கள் வரைக்கும் போகச் சொல்லி சாமியாரிடம் கேளுங்கள். அப்புறம், மே மாதம் பூண்டி மாதா திருவிழாவுக்குப் பாதி ஊர் கிளம்பிவிடும், அந்த வாரம் புதுசாக எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
சரி, ஒரே அல்லேலூயாதான். வாசகத்துக்குப் பால் ஊற்றும் அண்ணன் ஒத்துக்கொண்டார். ஆனால் ‘கைலியோடு வர முடியாதே, வேட்டி எங்கே கிடக்கோ’ என்று இப்போதே தேட ஆரம்பித்துவிட்டார்.